வடக்கே ஒரு பந்து

ஆல்பின் ஷிம்கஸுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். பேஸ்பால் ஆட்டத்தில் அடித்த பந்து ஒன்று அவர் கையில் வந்து விழ வேண்டும். கடையில் வாங்கிய பந்து இல்லை, ஆட்டத்தில் அடித்த பந்து. பார்வையாளர் பக்கம் வந்து விழுந்தால் பிடித்தவனுக்கே அது சொந்தம். மற்றபடி அவர் பேராசைக்காரர் கிடையாது. பள்ளிக்கூடங்களில் குளிருக்குச் சூடேற்றுகிற பாய்லரைப் பார்க்கிற வேலை, ஒழுங்கான சம்பளம், என் பாருக்குப் பின்சந்தில் சொந்த வீடு, ஒரே மகள். மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. ஏழு வயதில் அவரை அப்பா முதன்முதலாக எங்கள் சாக்ஸ் அணியின் மைதானத்துக்குக் கூட்டிப்போய், கையில் தோல் கையுறையை மாட்டிவிட்டு, "பந்து வந்தா பிடிச்சுக்கடா" என்றாராம். அறுபத்து மூன்று வயதுவரை அவர் பிடித்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். பந்துதான் வரவில்லை.

முன் வரிசைக்கு வந்தது. பின் வரிசைக்கு வந்தது. ஒருமுறை அவர் பீர் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அவருடைய நாற்காலியிலேயே வந்து விழுந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாதிரியார் விழித்து, அதை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். பாதிரியாரிடம் போய் என்ன நியாயம் கேட்பது? ஆல்பின் வாங்கி வந்த பீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

நான் பெர்னிஸ். ஹால்ஸ்டெட் தெருவில் அப்பா விட்டுப்போன பாரை நடத்துகிறேன். என் பாருக்கு வருகிற சோம்பேறிகள் பாதிப் பேர் வீட்டில் ஆட்டப் பந்து இருக்கிறது. டெலனியிடம் மூன்று இருக்கிறது. டெலனி போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. ஒரு பந்தை அவன் நாய் கடிக்கக் கொடுத்திருந்தான். அதை ஆல்பினிடம் வேண்டுமென்றே சொல்வான்.

சிகாகோவில் மேடிசன் தெருவுக்குத் தெற்கே சாக்ஸ், வடக்கே கப்ஸ். வீட்டு எண்களே அந்தத் தெருவில்தான் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பகையும் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு அணிகளும் வருஷத்தில் நாலைந்து நாள்தான் நேருக்கு நேர் மோதும். மிச்ச நாளெல்லாம் அவரவர் வெளியூர்க்காரர்களோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். வெறுப்பு மட்டும் வருஷம் முழுக்க உள்ளூரிலேயே செலவாகும். அவர்களுடைய ரிக்லி மைதானத்தில் சுவரெல்லாம் பச்சைக் கொடி படர்ந்திருக்கும், ஜனங்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். எங்கள் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கத்தான் வர வேண்டும், வேறு ஒரு மண்ணும் கிடையாது. அப்போது கப்ஸ் கோப்பையைத் தொட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைக்கூட அவர்கள் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் அவர்களிடம் உண்டு. வெளியணிக்காரன் அடித்த ஹோம் ரன் பந்து வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பெஞ்சில் வந்து விழுந்தால், பிடித்தவன் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. எதிரி அடித்த பந்து தீட்டு, மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். எறியாவிட்டால், "திருப்பி எறி! திருப்பி எறி!" என்று சுற்றியிருப்பவர்கள் கத்தியே பிராணனை வாங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசினால் சிரிப்போம். கையில் கிடைத்ததை எறிகிறவனுக்கு அறிவு இருக்குமா?

ரீட்டா, அதாவது ஆல்பினின் மகள், தன் கல்யாணச் செய்தியைச் சொன்னது என் பாரில்தான். அப்பா சாயங்காலம் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். டிவிக்கு நேர் எதிரே இருந்த ஸ்டூல் அவருடையது. அதற்கு முன்னால் அவர் அப்பாவுடையது.

"பையன் பேரு எரிக் நைபர்க்," என்றாள்.

"என்ன வேலை?"

"மூக்குக் கண்ணாடிக் கடை. அப்பாவும் பையனுமா நடத்தறாங்க."

"நல்ல ஜனங்களா?"

"ரொம்ப நல்ல ஜனங்கப்பா."

"வீடு எங்க?"

ரீட்டா என்னைப் பார்த்தாள். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆண்டர்சன்வில்," என்றாள்.

டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"வடக்கேயா," என்றார் ஆல்பின்.

"அங்கேயும் மனுஷங்கதான்ப்பா இருக்காங்க."

"நான் இல்லேன்னு சொன்னேனா?"

"யோவ் ஆல்பின்," என்றான் டெலனி கடைசி மேஜையிலிருந்து. "பையன் குடிகாரன்னா சொல்லித் திருத்திடலாம். ஜெயிலுக்குப் போனவன்னாகூட வெளிய வந்துடுவான். இது அப்படியா?"

"நீ சும்மா இரு மாமா," என்றாள் ரீட்டா.

கல்யாணம் நடந்தது. தெற்கே பூசை, வடக்கே விருந்து. சம்பந்தி ஹார்லன் நைபர்க் ஒல்லியான மனிதர். பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். கப்ஸ் சின்னம் வைத்த நீல ஜாக்கெட் ஒன்று அவரிடம் இருந்தது. கோடையானாலும் குளிரானாலும் அதைக் கழற்றவே மாட்டார். மகன் கல்யாணத்தன்றும் தேவாலய வாசலில் கோட்டுக்கு மேல் அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்கள் பெருந்தன்மையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு அணிகளும் ரிக்லியில் மோதும்போதெல்லாம் ஹார்லன் சம்பந்தியை அழைப்பார். முதல் வருஷம் ஆல்பின் பாய்லர் கெட்டுவிட்டது என்றார். மறு வருஷம் முழங்கால். மூன்றாவது வருஷம் அழைப்பு வந்ததும் ரீட்டா நேரிலேயே வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் என்னப்பா சாக்கு?"

"அந்தப் பெஞ்சுல உக்கார்றதுக்கு நான் நாலு பல்லைப் பிடுங்கிக்கலாம்மா."

"ஒரே வீட்டுல கீழ அவங்க, மேல நாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல அந்த மனுஷன். ஜுரம் வந்தா கஞ்சி கொண்டு வந்து வாசல்ல வெச்சுட்டுப் போறாரு. அவரு பக்கத்துல உங்களால மூணு மணி நேரம் உக்கார முடியாது, அப்படித்தானே?"

ஆல்பின் ஸ்டூலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "வர்றேன்," என்றார். "கைதட்ட மாட்டேன்."

சாக்ஸ் தொப்பியை அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கையுறையையும் எடுத்துப்போகவில்லை. அது சாக்ஸ் மைதானம் தவிர வேறு மைதானத்தைப் பார்த்ததில்லை, இந்த வயதில் அதைக் கெடுப்பானேன் என்று சொன்னார். வெள்ளைக் காலுறை மட்டும் மாட்டிக்கொண்டார். எங்கள் அணியின் பெயரே வெள்ளைக் காலுறைதான். பேன்ட் மறைத்துக்கொண்டதால் அந்த விசுவாசம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்று பகல் ஆட்டம். என் பாரில் நிற்க இடமில்லை. ரிக்லியில் எங்கள் ஆட்களும் ஏகப்பட்ட பேர் போயிருந்தார்கள், ஆனால் ஹார்லன் முப்பது வருஷமாக உட்காருகிற இடது கோடிப் பெஞ்சில் ஒருவரும் இல்லை. அங்கே உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்தவர்கள். "என் சம்பந்தி" என்று ஹார்லன் அறிமுகப்படுத்தியதும் ஆல்பினையும் தங்கள் ஆள் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏழாவது சுற்றில் எங்கள் ஆள் ஒருவன் மட்டையை வீசினான். சத்தத்தைக் கேட்டதுமே பாரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பந்து உயர்ந்து, காற்றில் கொஞ்சம் இடது பக்கமாக வளைந்து, வேலியைத் தாண்டி இறங்கியது. கீழே நூறு கைகள் நீண்டன. அதில் இரண்டு கைகள் மட்டும் வெறும் கைகள், கோணல் விரல்கள். எங்கள் பக்கத்தில் பெரிய பந்து வைத்துக் கையுறையே இல்லாமல் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. அதில் முப்பது வருஷம் விரலை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அப்படிக் கை இருக்கும். பந்து அந்த இரண்டு கைக்குள் போய் உட்கார்ந்தது. கேமரா கிட்டே போனது.

"ஆல்பின்!" என்று கத்தினேன்.

"பிடிச்சிட்டான்டா! டேய், நம்ம ஆல்பின் பிடிச்சிட்டான்டா!" என்று டெலனி மேஜை மேல் ஏறிவிட்டான். இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்த அதே டெலனி. எனக்கே கண் கலங்கிவிட்டது. தெரியாத ஒருவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான், விட்டுவிட்டேன். எங்கள் அணி அடித்த ஹோம் ரன், எதிரியின் கோட்டைக்குள், எங்கள் ஆல்பின் கையில்! இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்?

அங்கே கூட்டம் கத்த ஆரம்பித்தது. திருப்பி எறி, திருப்பி எறி. நாங்கள் இங்கே சிரித்தோம். கத்துங்கடா, தொண்டை கிழியக் கத்துங்க. ஆல்பின் குனிந்தார். ஒரு நிமிஷம் தலை தெரியவில்லை. பிறகு எழுந்தார், கையை ஓங்கினார், பந்தை மைதானத்துக்குள் எறிந்தார். நல்ல எறிதான், புல்லில் மூன்று தடவை குதித்து ஓடியது. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. முன்பின் தெரியாத ஆட்கள் அவர் தலைமுடியைக் கலைத்தார்கள். யாரோ அவர் கையில் பீரைத் திணித்தார்கள்.

பாரில் டெலனி மேஜை மேலேயே நின்றுகொண்டிருந்தான், இறங்கத் தோன்றவில்லை. அன்று அந்த ஹோம் ரன்னால்தான் சாக்ஸ் ஜெயித்தது. என் பாரில் ஒருவரும் கொண்டாடவில்லை. துக்க வீட்டில் குடிப்பது மாதிரி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர் குனிந்த அந்த ஒரு நிமிஷத்தில் நடந்ததை வெகு நாள் கழித்து ஆல்பின் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

பந்து கையில் விழுந்ததும் உள்ளங்கை தீயாக எரிந்ததாம். அவர் பார்த்தது பந்தைத்தான், கூட்டத்தை இல்லை. கத்தல் காதில் ஏறியபோதுதான் சுற்றிலும் பார்த்தார். முப்பது வருஷத்துப் பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்க்கவில்லை, ஹார்லனைப் பார்த்தார்கள். அழைத்து வந்த ஆள் அவர்தானே. ஹார்லனுக்கு அந்தப் பக்கம் ரீட்டா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹார்லன் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "குனிங்க சம்பந்தி. என் ஜாக்கெட்டுல இடது பாக்கெட். கையை விடுங்க."

"என்னது?"

"பழைய பந்து. அதை எறிங்க. உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"பொய்ப் பந்தா?"

"இங்க பாதிப் பேரு பாக்கெட்ல இருக்கு. யாரும் சொல்லிக்க மாட்டாங்க."

ஆல்பினுக்குக் கோபம் வந்துவிட்டது. எதிரியாக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் இவர்களைப் பைத்தியக்கார யோக்கியர்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். "அப்போ இத்தனை வருஷமா நீங்க திருப்பி எறிஞ்சதெல்லாம்?"

"நான் எறிஞ்சதே இல்ல," என்றார் ஹார்லன். "எனக்குப் பந்தே வந்ததில்ல. வந்தா எறியறதுக்குன்னு முப்பது வருஷமா இதைச் சுமந்துட்டிருக்கேன்."

ஆல்பின் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். பாக்கெட்டின் துணி பந்தின் உருவத்துக்கே உருண்டையாகப் போயிருந்ததாம். அதற்கு மேல் யோசிக்கவில்லை என்றார். எழுந்து எறிந்துவிட்டார். தன் வாழ்க்கையில் தனக்காக ஒரு மைதானம் கைதட்டியது அன்று ஒரு தடவைதான், அதுவும் கப்ஸ் மைதானம், பொய்ப் பந்துக்கு. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் ரீட்டா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களுக்கு அது என்னன்னு எனக்குத் தெரியும்ப்பா. எனக்காகத்தானே எறிஞ்சீங்க?" அப்போது உண்மையான பந்து அவர் பேன்ட் பாக்கெட்டில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. "விடும்மா," என்றாராம். அதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம். அவள் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆல்பின் பாருக்கு வந்தபோது அவருடைய ஸ்டூலில் டெலனியின் மச்சான் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க வள்ளலே," என்றான் டெலனி.

அன்றிலிருந்து வள்ளல்தான். பீர் வைத்தால், "வள்ளலே, திருப்பி எறிஞ்சிடாதீங்க." சில்லறை கொடுத்தால், "அக்கா, அவருக்கு எதுக்கு? வடக்கே அனுப்பிடுவாரு." பூங்காவில் எங்கள் பாருக்கென்று ஒரு பெரிய பந்து அணி உண்டு. அதற்குப் பல வருஷமாக நடுவர் ஆல்பின்தான். கிடைத்த பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாதவன் நடுவராக இருக்கக் கூடாது என்று டெலனி கூட்டம் போட்டுச் சொன்னான், எல்லாரும் கை தூக்கினார்கள். அதோடு விட்டானா? ரேடியோவில் விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, "எங்க தெருவுல ஒரு துரோகி இருக்கான்" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினான். நாங்கள் பாரிலேயே அதைக் கேட்டோம். ஆல்பினும் உட்கார்ந்து கேட்டார்.

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏன் ஆல்பின், பொண்ணுக்காகன்னே வெச்சுக்குவோம். பொண்ணுக்காக உயிரைக்கூடக் கொடுக்கலாம். பந்தை ஏன்யா கொடுத்தே?"

"விடு பெர்னிஸ்," என்றார்.

வாயைத் திறந்து, "நான் எறிஞ்சது பொய்ப் பந்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெற்குப் பக்கம் முழுக்க அவரைத் தோளில் தூக்கிவைத்து ஆடியிருக்கும். எதிரியை அவன் மைதானத்திலேயே ஏமாற்றிய ஆல்பின்! ஆனால் டெலனி கையில் ரேடியோ இருந்தது. மறுநாளே அந்தப் பெஞ்சுக்காரர்கள் காதுக்குப் போயிருக்கும். ஹார்லன் அங்கே தலைகாட்ட முடியாது. அந்த வீட்டு மாடியில்தான் ரீட்டா குடியிருக்கிறாள். அதனால் வீட்டில் பிரிட்ஜ் மேல் ஒரு காபிக் கோப்பைக்குள் பந்தை வைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு, இங்கே வந்து வள்ளல் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு ஹார்லன் வந்தார். அதே நீல ஜாக்கெட். வேறு ஜாக்கெட் இல்லையோ என்னவோ. என் பாருக்குள் கப்ஸ் சின்னம் நுழைந்தது அதுதான் முதல் தடவை. டெலனியின் மச்சான் வாய்க்குப் போன சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டான்.

"ஆல்பின் இங்க வர்றதில்லன்னு ரீட்டா சொன்னா," என்றார் ஹார்லன். எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "அவரு எறிஞ்சது என்னோட பந்து. நான்தான் பாக்கெட்லேர்ந்து கொடுத்தேன். அவரு பிடிச்சது அவர்கிட்டயே இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யாருய்யா நீ?" என்றான் டெலனி.

"அவரோட சம்பந்தி."

"அப்போ சொல்லத்தான் செய்வே."

"நிஜமாத்தான் சொல்றேன். முப்பது வருஷமா அந்தப் பந்து என் பாக்கெட்ல இருந்தது."

"முப்பது வருஷமா."

"ஆமா."

"ஒரு தடவைகூட எறிய வேண்டி வரல."

"வரல."

"இருந்தாலும் தினம் எடுத்துட்டுப் போனே."

"போனேன்."

டெலனி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அடேய், இதைவிட நல்ல பொய் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தன்கூடவா வடக்கே இல்ல?" பார் இடிந்து விழுவது மாதிரி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முப்பது வருஷக் கதையை மட்டும் நான் நம்பினேன். காத்திருப்பதில் கப்ஸ்காரனை மிஞ்ச ஆள் கிடையாது.

யாரோ ஓடிப்போய் ஆல்பினைக் கூட்டி வந்தார்கள். வந்தவர் ஹார்லனைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன் சம்பந்தி வந்தீங்க? நான் சமாளிச்சுட்டிருந்தேன்."

"நீங்க சமாளிச்சது போதும் சம்பந்தி."

"உங்க பெஞ்சுக்காரங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். அதுல பாதிப் பேரு வாயைத் திறக்க முடியாது."

ஆல்பின் வீட்டுக்குப் போய்ப் பந்தை எடுத்து வந்தார். துணியைப் பிரித்துக் கல்லா மேடைமேல் வைத்தார். வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், ஒரு பக்கம் மட்டை பட்ட இடத்தில் மங்கலாக ஒரு கறை. எல்லாரும் எழுந்து கிட்டே வந்தார்கள்.

டெலனி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். முகர்ந்தான். "புதுசு," என்றான்.

"ஒரே ஒரு அடி வாங்கின பந்து புதுசாத்தான் இருக்கும்."

"கடையிலயும் இதே மாதிரிதான் இருக்கும்."

"கறையைப் பாரு."

"என் மச்சான் நாளைக்கே ஒண்ணு தேய்ச்சுத் தருவான்." மச்சான் தலையாட்டினான். "யோவ் ஆல்பின், நாங்க எல்லாரும் கண்ணால பார்த்தோம். பந்தைப் பிடிச்சே, எறிஞ்சே. டிவியில மறுபடி மறுபடி போட்டான். இப்போ ரெண்டு மாசம் கழிச்சு, கப்ஸ்காரன் ஒருத்தனைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து, கடைப் பந்தைக் காட்டறே. வேணாம். வள்ளலாவே இருந்துடு, அதுலயாவது ஒரு மரியாதை இருக்கு."

பந்து கைமாறிக் கைமாறி பாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆளாளுக்கு உருட்டிப் பார்த்தார்கள். என் கைக்கும் வந்தது. நான் என்ன சொல்வேன்? பார்த்தால் பந்து மாதிரி இருந்தது. ஆல்பின் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மானம் போன மனிதன் எதையும் செய்வான் என்பதும் பார் நடத்துகிறவளுக்குத் தெரியும். நான் அதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன். கடைசியில் அது மறுபடி ஆல்பினிடமே போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக்கொள்ள யாரும் ஆசைப்படவில்லை.

ஹார்லன் தன் பீரைக் குடித்து முடித்து, கிளாஸைத் தானே கல்லாவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் பாரில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றிரவே ஆல்பின் ரீட்டாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். அவள் சிரித்தாள். "ஏன்ப்பா, டெலனி மாமா கிண்டல் தாங்க முடியலன்னு மாமனாரையும் சேர்த்துக்கிட்டுக் கதை கட்டறீங்களா? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நீங்க எனக்காக எறிஞ்சீங்க. அது எனக்குப் போதும்." அதற்கு மேல் எந்த அப்பன் வாதாடுவான்? சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

குளிர்காலம் வந்ததும் டெலனியின் மச்சான் மகளோடு இருக்க அரிசோனாவுக்குப் போய்விட்டான். ஸ்டூல் காலியானது. ஆல்பின் மறுபடி வந்து உட்கார்ந்தார், யாரும் தடுக்கவில்லை. நடுவர் வேலையையும் அடுத்த கோடையில் திருப்பிக் கொடுத்தார்கள், வேறு யாருக்கும் விதிமுறை தெரியவில்லை. வள்ளல் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆல்பினின் முன்னோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள், அதனால் இப்போது வருகிற இளசுகளுக்கு அது ஏதோ லித்துவேனியப் பெயர் என்று நினைப்பு.

ஒரு பந்தைப் பிடித்தவனுக்கு அதைப் பற்றிப் பேச வேண்டும். வெயில் கண்ணில் அடித்தது, காற்று கொஞ்சம் திருப்பியது, விரல் சுளுக்கியது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், கேட்கிறவன், "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். டெலனிக்கு நாய் கடித்த பந்துக்குக்கூட அப்படிக் கேட்க ஆள் இருக்கிறது. ஆல்பின் இங்கே ஒருமுறை ஆரம்பித்தார். நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நிறுத்திக்கொண்டார்.

அதனால் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை, பந்தைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்தாம் தெருவில் ரயில் ஏறி வடக்கே போகிறார். ரீட்டாவைப் பார்க்க என்றுதான் சொல்வார். ரீட்டாவைக் கேட்டேன். மாடிக்கு வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் பெரிது, கீழே ஹார்லனின் சமையலறையில்தான் பொழுது சாயும்வரை இருப்பார் என்றாள். மேஜைமேல் பந்து, இரண்டு காபி. ஆல்பின் முதலிலிருந்து சொல்வார். ஹார்லன், "வலது கை முதல்லயா, ரெண்டு கையும் சேர்ந்தா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ரீட்டாவுக்கு இதில் என்ன சுவாரசியம் என்று புரியவில்லை.

ஒருமுறை ஆல்பின் அவருக்கு ஒரு பழைய பந்து வாங்கிக்கொண்டு போனாராம், பாக்கெட்டில் போட்டுக்கொள்ள. ஹார்லன் வாங்கவில்லை. "வேணாம் சம்பந்தி. இனிமே வந்தா எறிய மாட்டேன்," என்றாராம்.

போன ஞாயிறு நானும் டெலனியும் நிலையத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஆல்பின் நடைமேடையில் நின்றிருந்தார், ஒரு கை கோட்டுப் பாக்கெட்டுக்குள்.

"பாரு அக்கா, எதிரி வீட்டுக்குப் போறான்," என்றான் டெலனி. "அங்க அப்படி என்னதான் இருக்கு அவனுக்கு?"

இந்த ஊரில் அந்தப் பந்தை நம்புகிற ஆள் ஒரே ஒருவர்தான், அவர் அங்கே இருக்கிறார் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், "நீ நம்பறியா?" என்று கேட்பான். ரயில் வந்து ஆல்பின் ஏறிப் போகும்வரை நான் பேசாமல் நின்றேன்.